பழைய அச்சில் புதிய கிதார்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

1950-களின் எலெக்ட்ரிக் கிதார்களை முன்மாதிரியாக வைத்துக் கையால் கிதார் செய்கிற வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பழைய கிதார்களின் பெருமையில் பெரும்பகுதி அவற்றின் வயதில் இல்லை, அளவுகளில் இருக்கிறது. அதனால் பதில்களிலும் அளவுகளே அதிகம்.

கேள்வி: தச்சு வேலை ஓரளவு தெரியும். முதல் கிதாராக லெஸ் பால் மாதிரி ஒன்று செய்ய ஆசை. டெலிகாஸ்டரில் தொடங்கு என்கிறார்கள் நண்பர்கள். எதைச் செய்யலாம்?

நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஃபெண்டர் நிறுவனத்திலிருந்து 1950-ல் பிராட்காஸ்டர் என்று வெளிவந்து, 1951-ல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய அந்தக் கிதாரின் உடல் ஒரு தட்டைப் பலகைதான். நெக்கை, அதாவது கிதாரின் கழுத்தை, ஒட்ட வேண்டியதில்லை, நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடலாம். தந்தி முடுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கும் சாய்வில்லாமல் நெக் பலகையிலேயே வந்துவிடுகிறது.

1952-ல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த லெஸ் பால் அப்படியில்லை. மேப்பிள் மேற்பலகையை வளைவாகச் செதுக்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கை 17 டிகிரி சாய்க்க வேண்டும். நெக்கைச் சுமார் 4 டிகிரி பின்சாய்வில் ஒட்ட வேண்டும். பலரும் வழுக்கி விழுவது இந்தக் கடைசி வேலையில்தான். நெக் உடலோடு சேரும் 16-ஆம் ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கிட்டத்தட்ட 250 மி.மீ. இருக்கிறது. சாய்வு 1 டிகிரி பிசகினாலும் பிரிட்ஜ் பக்கத்தில் தந்தியின் உயரம் 4 மி.மீ.க்கு மேல் மாறிவிடும். சாய்வு குறைந்துபோனால், பிரிட்ஜை அடிமட்டம் வரை இறக்கினாலும் ஃப்ரெட்டுக்கு மேல் தந்தியின் உயரம், அதாவது ஆக்‌ஷன் இறங்காது. பசை காய்ந்த பிறகு இதைத் திருத்த ஆவி காட்டி நெக்கைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

டெலிகாஸ்டர் வகைக்கு மூன்று அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தினால் பாதி வேலை முடிந்தது. உடலின் கனம் 44.5 மி.மீ., நெக் உட்காரும் குழியின் ஆழம் 16 மி.மீ., அங்கே நெக்கின் கனம் 25.4 மி.மீ. இப்படி இருந்தால் விரல் வைக்கும் ஃபிங்கர்போர்டு உடலுக்கு மேல் 9.4 மி.மீ. நிற்கும். ஃப்ரெட் உயரத்தையும் தந்திக்கு வேண்டிய இடைவெளியையும் கூட்டினால், பிரிட்ஜில் நடுத் தந்திகள் உடலிலிருந்து சுமார் 13 மி.மீ. உயரத்தில் ஓடும். பிரிட்ஜை முதலில் வாங்கி, அதில் தந்தி அமரும் சேடில் எந்த உயரம்வரை ஏறி இறங்குகிறது என்று அளந்த பிறகே குழியை வெட்டுங்கள். வரைபடத்தை நம்பிக் குழியை வெட்டிவிட்டு, கிடைத்த பிரிட்ஜைப் பூட்டினால் நெக்கின் அடியில் அட்டை செருகும் நிலைமை வரும்.

குழியின் அகலம் 56 மி.மீ. என்று வரைபடத்தில் இருக்கும். அதையும் செய்து முடித்த நெக்கோடு ஒப்பிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஸ்க்ரூ போடாமல் நெக்கைப் பிடித்துத் தூக்கினால் உடல் கழன்று விழாமல் கூடவே வர வேண்டும். ஆனால் லாக்கர் பூச்சு ஏறும் கனத்துக்கு மயிரிழை இடம் விடுங்கள். இறுக்கமான குழியில் லாக்கர் அடித்த நெக்கைத் தட்டி இறக்கினால் குழியின் மூலையில் பூச்சு விரிசல் விடும்.

கேள்வி: ரௌட்டரில் (சுழலும் பிளேடால் மரம் வெட்டும் கருவி) உடலின் விளிம்பை இழைக்கும்போது கீழ்க்கொம்பின் முனையில் விரல் அளவுத் துண்டு பிய்ந்து பறந்துவிட்டது. பலகை வீணா?

வீணில்லை. அந்தத் துண்டைத் தேடி எடுங்கள். மரப்பசை தடவி, இழை பார்த்துப் பொருத்தி, பசைப்பட்டையால் இறுக்கி ஒரு நாள் விட்டால் ஒட்டிய கோடு பெரும்பாலும் தெரியாது.

கொம்பின் முனையிலும் இடுப்பு வளைவிலும் பிளேடு மரத்தின் இழைக்கு எதிராகப் போகிறது. அப்போது பிளேடு வெட்டுவதில்லை, இழையின் அடியில் நுழைந்து நெம்புகிறது. ரம்பத்தில் அறுக்கும்போது கோட்டுக்கு வெளியே 2 மி.மீ.க்கு மேல் மிச்சம் வைக்காதீர்கள். ஒரு ஓட்டத்தில் 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறக்காதீர்கள். வெளி விளிம்பில் ரௌட்டரை இடஞ்சுழியாக நகர்த்துங்கள். முனையை நெருங்கும்போது நிறுத்திவிட்டு, பலகையைத் திருப்பி மறுபக்க டெம்ப்ளேட்டில் வெட்டினால் இழை சாதகமாக வரும். ஆஷ் மரத்தில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஆல்டர் கொஞ்சம் மன்னிக்கும்.

கேள்வி: மீதி நீளத்தை 18-ஆல் வகுத்துக்கொண்டே போனால் ஃப்ரெட் இடங்கள் கிடைக்கும் என்று படித்து, 647.7 மி.மீ. ஸ்கேலுக்கு (நெக்கின் தலையில் தந்திகள் தங்கும் நட் கட்டையிலிருந்து பிரிட்ஜ் வரையான நீளம்) அப்படியே வெட்டினேன். மேலே போகப்போக சுருதி தாழ்கிறது. சேடிலை முன்னால் நகர்த்தியும் திருகு முடிந்துவிட்டது. என்ன பிழை?

18 என்பது கைக்கணக்குக் காலத்துத் தோராயம். வகுக்க வேண்டிய எண் 17.817. வித்தியாசம் சிறியதாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சேர்ந்துகொண்டே போகும். சரியான கணக்கில் 12-ஆம் ஃப்ரெட் நட்டிலிருந்து 323.85 மி.மீ.யில், அதாவது ஸ்கேலின் சரிபாதியில் வரும். உங்களுடையது 321.5 மி.மீ.யில் இருக்கும். அதனால் அங்கே சுரம் சுமார் 12 சென்ட் தாழ்ந்து ஒலிக்கிறது. அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். 12 சென்ட் பிசகு காதுக்கு நன்றாகவே தெரியும்.

பிரிட்ஜையே 4.7 மி.மீ. முன்னால் கொண்டுவந்தால் 12-ஆம் ஃப்ரெட் கணக்கில் சரியாகும். ஆனால் 21-ஆம் ஃப்ரெட் அப்போது 8 சென்ட் அளவுக்கு ஏறிவிடும். மேல் ஃப்ரெட்களை நீங்கள் அதிகம் தொடாதவரானால் அப்படியே சமாளிக்கலாம். இல்லையென்றால் ஃப்ரெட்களைக் கழற்றி, பள்ளங்களில் அதே மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டி நிரப்பி, புதிதாக அறுப்பதே நேர்வழி. ஃபிங்கர்போர்டு தனிப் பலகையானால் அதை மாற்றிவிடுவது இன்னும் சுலபம்.

இனி வெட்டும்போது எல்லா அளவையும் நட்டிலிருந்தே குறியுங்கள். 1-ஆம் ஃப்ரெட் 36.35, 2-ஆவது 70.66, 3-ஆவது 103.05, 5-ஆவது 162.47, 7-ஆவது 215.41, 21-ஆவது 455.14 மி.மீ. முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால், தடவைக்கு 0.2 மி.மீ. பிசகினால்கூட 20-ஆவதில் 4 மி.மீ. ஆகிவிடும். பென்சில் கோட்டின் தடிமனே 0.3 மி.மீ. இருப்பதால், கூரான கத்தியால் எஃகு அடிக்கோலை ஒட்டிக் கீறுங்கள். ரம்பத்தின் பல் அந்தக் கீறலில் தானாக உட்காரும்.

கணக்கு சரியாக இருந்தும் முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் சுரம் ஏறி ஒலித்தால் அது நட்டின் உயரத்தால் வருவது. தந்தியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, 1-ஆம் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே பாருங்கள். 0.05 முதல் 0.1 மி.மீ., அதாவது ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் போதும்.

கேள்வி: ஒரே துண்டு மேப்பிள் நெக். ஃப்ரெட் அடிக்கும் முன் அடிக்கோல் வைத்துப் பார்த்தபோது நேராக இருந்தது. 21 ஃப்ரெட்டும் அடித்து முடித்ததும் பின்பக்கம் வளைந்துவிட்டது. நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை எவ்வளவு முடுக்கினாலும் சரியாகவில்லை.

முடுக்குவதை உடனே நிறுத்துங்கள். 50-களின் பாணி ராடு ஒரு திசையில்தான் வேலை செய்யும். தந்திகளின் இழுப்பால் நெக் முன்னால் வளையும்போது அதை எதிர்த்து நிற்பதே அதன் பணி. முடுக்க முடுக்க உங்கள் நெக் இன்னும் பின்னால்தான் போகும். இரண்டு திசையிலும் தள்ளும் ராடு பிற்காலத்தது.

வளைவுக்குக் காரணம் பள்ளத்தின் அகலம். ஃப்ரெட்டின் அடிநாக்கு சுமார் 0.5 மி.மீ. தடிமன். அதன் பக்கங்களில் உள்ள பிசிர்கள் மரத்தைக் கவ்விப் பிடிக்கின்றன. பள்ளம் குறுகலாக இருந்தால் ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஆப்பு அடித்தது போல மரத்தை விலக்கும். ஒன்றுக்கு 0.02 மி.மீ. விலகினாலும் 21 ஃப்ரெட்டுக்கு மேற்பரப்பு 0.4 மி.மீ. நீண்டுவிடும், அடிப்பக்கம் நீளாது. வளைய அவ்வளவு போதும். மேப்பிள் கடினமான மரம் என்பதால் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது.

ராடை முடுக்கும் நட்டை முழுக்கத் தளர்த்திவிட்டு, தந்தி பூட்டி, சுருதி சேர்த்து ஒரு நாள் விடுங்கள். தந்தியின் இழுப்பில் நெக் நேரானாலோ, 7-ஆம் ஃப்ரெட் அருகில் 0.2 மி.மீ. பள்ளம் விழுந்தாலோ பிழைத்தது. அப்படியும் பின்வளைவு நின்றால் 5 முதல் 12 வரையுள்ள ஃப்ரெட்களைக் கழற்றுங்கள். சால்டரிங் அயர்னால் சூடாக்கி, குறடால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் மேப்பிள் சில்லு பெயராது. அந்தப் பள்ளங்களை 0.6 மி.மீ. அகல ரம்பத்தால் ஒருமுறை இழுத்து, பள்ளத்தின் மேல்வாயை முக்கோண அரத்தால் லேசாகச் சாய்த்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். பிடிப்பு குறைந்தால் துளி பசை விடலாம். பெரும்பாலும் இவ்வளவில் சரியாகிவிடும்.

உண்மையான பழைய ஃபெண்டர் நெக் கையில் வந்தால் மட்டும் இந்த முறை வேண்டாம். அவற்றின் ஃப்ரெட்கள் பக்கவாட்டில் செருகப்பட்டவை. மேல்நோக்கி நெம்பினால் லாக்கரும் மரமும் சேர்ந்து பெயரும். வந்த வழியே பக்கவாட்டில்தான் தள்ளி எடுக்க வேண்டும்.

கேள்வி: பழைய அளவுப்படி ஃபிங்கர்போர்டின் வளைவு ஆரம் 184 மி.மீ. வைத்தேன். கார்டு பிடிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் 15-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் தந்தியை வளைத்து வாசித்தால் ஒலி அறுந்துவிடுகிறது.

அந்த வளைவோடு கூடவே வரும் குணம் அது. 12-ஆம் ஃப்ரெட்டில் நெக் 52 மி.மீ. அகலம் என்று வையுங்கள். 184 மி.மீ. ஆரத்தில் நடுப்பகுதி விளிம்பைவிட 1.85 மி.மீ. உயர்ந்திருக்கும். கிப்சன் பாணி 305 மி.மீ. ஆரத்தில் அது 1.1 மி.மீ.தான். மெல்லிய தந்தியை நடுவை நோக்கி வளைக்கும்போது அது மேடு ஏறுகிறது, எதிரே உள்ள ஃப்ரெட்டில் உரசி அடங்கிவிடுகிறது.

முதலில் ஆக்‌ஷனை உயர்த்திப் பாருங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் 1.4 மி.மீ. வைத்திருந்தால் 1.8 ஆக்குங்கள். இந்த வளைவோடு வந்த பழைய கிதார்களில் ஆக்‌ஷனைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பதே இயல்பு. அது பிடிக்கவில்லையென்றால், ஃப்ரெட்களை மட்டம் செய்யும்போது 14-க்கு மேலே உள்ளவற்றின் நடுப்பகுதியை 241 மி.மீ. ஆரக் கட்டையால் லேசாகத் தேய்த்து எடுங்கள். மரத்தைத் தொட வேண்டாம், ஃப்ரெட்டின் உச்சியில் ஒன்றிரண்டு பத்தில் மி.மீ. குறைந்தால் போதும். பழைய மெல்லிய ஃப்ரெட் கம்பி 1.05 மி.மீ. உயரம்தான் இருக்கும் என்பதால் இதை ஒருமுறைதான் செய்ய முடியும். இரண்டாம் தடவைக்கு உலோகம் மிஞ்சாது.

கேள்வி: நைட்ரோ லாக்கர் அடித்து, ஐந்தாம் நாள் தேய்த்துப் பாலிஷ் போட்டேன். கண்ணாடி போல இருந்தது. ஒரு மாதத்தில் ஆஷ் மரத்தின் துளைகள் எல்லாம் கோடு கோடாக மேலே தெரிகின்றன.

அவசரம்தான் காரணம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பாலியெஸ்டரைப் போல ரசாயன வினையால் இறுகுவதில்லை. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது. தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அடிப்பூச்சிலிருந்து கரைப்பான் முழுக்க வெளியேற மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை பூச்சு சுருங்கிக்கொண்டே இருக்கும். மரத்துளையின் மேல் கனம் அதிகம், அதனால் அங்கே அதிகமாகச் சுருங்கிப் பள்ளம் விழுகிறது. மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். கரைப்பான் வாசனை முழுக்கப் போகும்வரை உப்புத்தாளைத் தொடாதீர்கள்.

இப்போதுள்ள பூச்சைச் சுரண்ட வேண்டாம். இந்த லாக்கரின் பெரிய வசதியே, புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும் என்பதுதான். 800 எண் உப்புத்தாளால் மெதுவாக மட்டம் செய்து, பாதிக்குப் பாதி தின்னர் கலந்த மூன்று மெல்லிய பூச்சு கொடுத்து, நான்கு வாரம் தொங்கவிடுங்கள். பிறகு 1000, 1500, 2000 என்று போங்கள். விளிம்புகளில் கை லேசாகப் பட வேண்டும், மரம் வெளியே வருவது அங்கேதான். ஈரம் வைத்துத் தேய்க்கும்போது ஸ்க்ரூ துளைகளில் தண்ணீர் இறங்கினால் மரம் உப்பி, துளையைச் சுற்றி லாக்கர் நட்சத்திரம் போல வெடிக்கும். துளைகளை மெழுகால் அடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த ஆஷ் உடலுக்கு முதலில் துளைநிரப்பி தடவி, எண்ணெய் வகையானால் மூன்று நாள் காயவிட்டு, அதன் மேல் சீலர் அடியுங்கள். ஆல்டருக்குத் துளைநிரப்பி தேவையில்லை. 1956 முதல் ஃபெண்டர் பெரும்பாலான நிறங்களுக்கு ஆல்டருக்கு மாறிய பிறகு பூச்சு வேலையும் சுலபமாயிற்று. ஈரக்காற்றுள்ள நாளில் லாக்கர் பால் போல வெளுத்தால் பயப்பட வேண்டாம். காய்ந்த நாளில் தின்னரை மட்டும் மென்மையாகத் தெளித்தால் தெளிந்துவிடும்.

லாக்கர் ஆவி சட்டென்று தீப்பற்றும். கரிம ஆவிக்கான முகமூடி போட்டுக்கொண்டு, தீப்பொறி இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் தெளியுங்கள். முடித்த கிதாரை ரப்பர் பிடி உள்ள ஸ்டாண்டில் வைக்காதீர்கள். சில ரப்பர்களிலிருந்து கசியும் மென்மையூட்டி லாக்கரை இளக்கி, தழும்பை நிரந்தரமாக்கிவிடும்.

கேள்வி: நானே சுற்றிய சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள் பாகம்), ஒலியைக் கூட்டினால் விசில் அடிக்கிறது. இன்னொன்றில் ஓசையே இல்லை.

விசில் அடிப்பதில் சுருள் தளர்வாக இருக்கிறது. ஒலிபெருக்கியின் அதிர்வில் கம்பிச் சுற்றுகளே நடுங்கி மைக் போல வேலை செய்கின்றன. மெழுகில் ஊறவையுங்கள். பாரஃபின் 80 பங்கு, தேன்மெழுகு 20 பங்கு. பாத்திரத்தை நேராகத் தீயில் வைக்காமல், கொதிநீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் நிறுத்துங்கள். பிக்கப்பை இறக்கியதும் காற்றுக் குமிழ்கள் வரிசையாக வரும். அவை நிற்கும்வரை, சுமார் 20 நிமிடம், அப்படியே விடுங்கள். வெப்பம் 70-ஐத் தாண்டினால் பிளாஸ்டிக் பாபின் நெளிந்துவிடும்.

ஓசையே வராததில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள். 42 கேஜ் எனாமல் கம்பியில், அதாவது 0.0635 மி.மீ. தடிமனில், 8,000 சுற்று அளவுக்குச் சுற்றியிருந்தால் 6 கிலோ ஓம் சுற்றி வர வேண்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் தொடக்க முனையில், ஈயம் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் அறுந்திருக்கும். மிகக் குறைவாகக் காட்டினால் ஷார்ட். பழைய ஃபெண்டர் பாணியில் கம்பி நேராகக் காந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றப்படுகிறது. காந்தத்தின் கூர்விளிம்பு எனாமலைக் கீறிவிடும். சுற்றும் முன் காந்தங்களை லாக்கரில் முக்குங்கள், அல்லது ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டுங்கள். அதிகச் சுற்று கொடுத்தால் நல்லது என்று 10,000 வரை போகாதீர்கள். ஒலி கூடும், ஆனால் அந்தக் கண்ணாடித் தெளிவு போய்விடும்.

கேள்வி: ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போட்ட கிதாரில் வால்யூமைக் குறைத்தால் ஒலி கம்பளி போர்த்தியது போல மந்தமாகிறது. பாட் (திருகி மாற்றும் மின்தடை) 500 கிலோ ஓம், கெப்பாசிட்டர் 0.022 மைக்ரோ ஃபேரட்.

பாகங்கள் சரியாகவே இருக்கின்றன, ஒரே ஒரு கம்பியை இடம் மாற்றினால் போதும். வால்யூம் பாட்டில் மூன்று காது உண்டு. ஒன்றில் பிக்கப் வருகிறது, நடுக்காதிலிருந்து வெளியே போகிறது, மூன்றாவது எர்த். டோன் பாட்டுக்குப் போகும் இணைப்பு இப்போது பிக்கப் வரும் காதில் இருக்கும். அதை நடுக்காதுக்கு மாற்றிப் பற்றவையுங்கள். 50-களின் லெஸ் பாலில் இப்படித்தான் இருந்தது. வால்யூமைக் குறைத்தாலும் மேல் ஸ்தாயியின் பளிச்சென்ற தன்மை பெரும்பாலும் தங்கும். பதிலுக்கு, டோனைக் குறைக்கும்போது ஒலியளவும் கொஞ்சம் இறங்கும். சில வாசிப்பில் பழகிவிடும்.

கேபிளையும் கவனியுங்கள். மீட்டருக்கு 100 பிகோ ஃபேரட் என்றால் 6 மீட்டர் கேபிள் 600 பிகோ ஃபேரட் கெப்பாசிட்டராகி, அதுவும் பளிச்சென்ற தன்மையை உறிஞ்சுகிறது.

கேள்வி: ஃபிங்கர்போர்டுக்குப் பிரேசில் ரோஸ்வுட்தான் வேண்டுமா?

வேண்டாம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அது 1992 முதல் இருக்கிறது. உரிய ஆவணம் இல்லாமல் அதில் செய்த கிதாரை எல்லை தாண்டிக் கொண்டுபோவதே சிக்கல். இந்திய ரோஸ்வுட் அதே அளவு அடர்த்தியும் எண்ணெய்ப் பசையும் உள்ளது, இழைக்கவும் இணக்கமானது. பலகையின் ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஈரப்பலகையானால் சில மாதத்தில் அகலம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் நெக்கின் ஓரத்தில் துருத்திக் கையைக் கீறும்.

கேள்வி: ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் முத்திரை ஒட்டலாமா? எனக்காக மட்டும் செய்வதுதான்.

ஒட்டாதீர்கள். பெயரும் ஹெட்ஸ்டாக்கின் வடிவமும் அந்நிறுவனத்தின் பதிவுபெற்ற வணிகச் சின்னங்கள். உடல் வடிவங்களுக்குக் கேட்ட பதிவை 2009-ல் அமெரிக்க வணிகச்சின்ன வாரியம் மறுத்தது, ஹெட்ஸ்டாக்குக்கு அந்தத் தளர்வு இல்லை. இன்று உங்களிடம் இருக்கும் கிதார் நாளை கைமாறும்போது போலியாகிவிடும். உங்கள் பெயரையே எழுதுங்கள், நெக்கின் அடிக்கட்டையில் தேதியும் போடுங்கள்.

கேள்வி: புதுக் கிதாரைச் சுரண்டி, கீறி, பழசு போல ஆக்குவது பற்றி உங்கள் கருத்து?

உடலில் வேண்டாம். அது தானாக வரட்டும். நெக்கின் ஓரங்களில் மட்டும் செய்யுங்கள், அது கைக்குப் பயன்படும் தேய்மானம். பல ஆண்டு வாசித்த நெக் உள்ளங்கையில் வழுவழுப்பாக உட்காரக் காரணம் ஃபிங்கர்போர்டின் கூர்விளிம்பு உருண்டு போயிருப்பதுதான். ஃப்ரெட் அடித்து முனைகளை அரவிய பிறகு, ஒவ்வொரு இரண்டு ஃப்ரெட்டுக்கும் நடுவே சிறு சுரண்டியை 45 டிகிரியில் வைத்து ஐந்தாறு முறை இழுங்கள். பிறகு 400, 800 உப்புத்தாளை விரலில் சுற்றி உருட்டித் தேயுங்கள். விளிம்பில் ஒரு மி.மீ. அளவு உருண்டால் போதும். அதற்கு மேல் போனால் மெல்லிய தந்தி ஓரத்தில் வழுக்கி வெளியே விழும்.